நான்காவது பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம்

சுதாகர்,

வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். ஜெர்மனியில் உங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்கு ஒரு சிறு புத்தகம் அச்சாகிறது, அதில் அம்மாவாக நான் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டாய். கேட்ட கையோடு இன்னொன்றையும் கேட்டாய். நானும் உங்களோடு வந்து, நீங்கள் தரையில் விரித்துச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிற அந்தப் பெரிய தாளின் நான்காவது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், நீங்கள் அங்கே தங்கப்போகிற வருடம் முழுவதும் உங்களோடேயே இருக்க வேண்டும் என்று. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஷிஃப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் உறுமிக்கொண்டிருந்த இடத்தில் வைத்துக் கேட்டாய். அப்படிப்பட்ட இடத்தில் கேட்டால் நான் குரலை உயர்த்தி மறுக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். நான் பதில் சொல்லாமல் பூக்காரியிடம் போய்விட்டேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இதுதான் என் பதில். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. வெட்டாமல் போடு. மொழிபெயர்ப்பவர் என் வாக்கியங்களைச் சுருக்காமல் பார்த்துக்கொள்.

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலில் இதைச் சொல்கிறேன். நான் கான்வென்டில் படித்தவள். எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர் விரல் நகத்தின் நீளத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். ஐந்து கோடுகள், அவற்றின் மேல் புள்ளிகள், குறுக்கே கட்டம் பிரிக்கும் கோடு. அந்தத் தாளை மதராஸில் ஒருத்தி வாசித்தாலும் கிருஷ்ணகிரியில் ஒருத்தி வாசித்தாலும் ஒரே பாட்டுத்தான் வர வேண்டும், வராவிட்டால் தவறு தாளில் இல்லை, உன் கையில் இருக்கிறது என்று சொல்லித்தான் அவர் எங்களை வளர்த்தார். எழுத்து என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு இன்றுவரை எனக்கு அதுதான் அளவுகோல். முன்பின் தெரியாத இருவர் படித்தாலும் ஒன்றுபோல் கேட்க வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, பழைய சாமான் கடையில் கிடந்த கால் ஆர்மோனியம் ஒன்றை உன் அப்பா எனக்காக வாங்கி வந்தார். சமீபகாலம் வரை அது நம் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. அதில் நான் சரியாக வாசிப்பேன். நன்றாக வாசிப்பேனா என்று என்னைக் கேட்காதே. சரியாக வாசிப்பேன்.

அதனால்தான் நீ வேலையை விட்டுவிட்டு இந்தக் குழுவை ஆரம்பித்தபோது என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. உங்கள் முதல் நிகழ்ச்சி நினைவிருக்கிறதா? லைன் வீடுகளின் முன்னால் காயப்போட்டிருந்த கம்பெனி யூனிஃபார்ம்களைப் படம் பிடித்து, கொடிக்கயிறுகளைக் கோடாகவும் துணிகளைச் சுரமாகவும் வைத்து வாசித்தீர்கள். முடிந்ததும் என்னிடம் வந்து எப்படி இருந்தது என்று கேட்டாய். பேண்ட்டுக்கும் சட்டைக்கும் வித்தியாசம் தெரிந்தது, யாருடைய சட்டை என்றுதான் தெரியவில்லை என்றேன். நீ சிரித்தாய். தேன்மொழிக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. உங்கள் குழுவில் இரும்புத் தகடுகளையும் தண்ணீர் ஊற்றிய டம்ளர்களையும் தட்டுகிறவள். மூன்றாவது ஆள் மஞ்சுநாத், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவன், கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவன். நீ, நீளமான ஸ்பிரிங் பட்டை ஒன்றை வயலின் வில்லால் இழுக்கிறாய். மூன்று பேருக்கும் ஐந்து கோடு வாசிக்கத் தெரியாது. மஞ்சுநாத் அதை மறைத்ததே இல்லை. “நமக்கு கோடு வேணாம்மா, பொண்ணு மாப்பிள்ளை முகம் பார்த்தாப் போதும்” என்பான்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெலமங்கலத்தில் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, மண்ணை விட்டுவிட்டு ஓசூருக்கு வந்து பவர் பிரஸ் போட்டார். வண்டிகளுக்கான சின்னச் சின்னத் தகடுகளை வெட்டிக்கொடுக்கிற ஷெட். தட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். பிரஸ்ஸில் அச்சை ஏற்றி முடுக்கியதும் ஒவ்வொரு போல்டையும் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டுவார், தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். இறுகிய போல்டு கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். கை அகப்பட்டுக்கொள்ளக்கூடிய மெஷின் என்பதால் அந்தக் காதுதான் ஆட்களின் விரலைக் காப்பாற்றியது. வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டார். பப்பாளியைத் தட்டுவார், தண்ணீர் டேங்கைத் தட்டுவார். நான் கோபமாக இருந்தால் என் தோளில் ஒரு விரலால் தட்டிவிட்டு, பேசாமல் நிற்பார். அவசரப்பட மாட்டார். நான் ஏதாவது சொல்கிற வரைக்கும் நிற்பார். தட்டுவதைவிட அந்த நிற்பதுதான் அவர்.

அவர் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. காரியத்துக்கு முந்தின மாலை உன் பெரிய அத்தை, அவருடைய அக்கா, ராகி மாவைச் சலித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கூடத்தில் அவர் உயிர் பிரிந்த இடத்தில் மாவைப் பரப்பி, ஓரத்தில் விளக்கேற்றி, மேலே ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் கூடையை எடுத்துப் பார்த்தால் மாவில் தடம் இருக்கும். பறவைக்கால் மாதிரி இருந்தால் பறவையாகப் போனார், குளம்பு மாதிரி இருந்தால் மாடாகப் போனார் என்பார்கள். அவர்கள் குடும்பத்தில் எல்லாச் சாவுக்கும் செய்திருக்கிறார்கள். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். உன்னை யார் நம்பச் சொன்னது, தள்ளி நில்லு என்றார் அத்தை.

காலையில் கூடையைத் தூக்கியபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து நீளமாக ஒரு கோடு, எதையோ இழுத்துக்கொண்டு போனதுபோல் வந்து நடுவில் நின்றிருந்தது. இன்னொரு பக்கத்தில் புள்ளிகள் கூட்டமாக. கதவுப் பக்கம் வளைந்து வளைந்து ஏதோ. அவர் தலை வைத்திருந்த தெற்குப் பக்கத்தில் மட்டும் மாவு ஏறக்குறைய அப்படியே இருந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகளைத் தவிர. பல்லி ஓடியிருக்கிறது என்றேன். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஏம்மா, பல்லிக்கும் உங்க கான்வென்ட்ல பியானோ சொல்லிக் குடுத்தாங்களா? எவ்ளோ அழகா விரல் வெச்சிருக்கு பாரு” என்றார். சாவு வீட்டில் நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள். நீ சிரிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று மேலிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். அத்தை அதற்கும் திட்டினார்.

வருஷ திதி முடிந்த பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தாய். மெஷின்கள் விற்றுப்போய் ஷெட் காலியாகக் கிடந்தது. பெரிய பிரஸ் நின்ற இடத்தில், போல்டு பிடுங்கிய குழிகளுக்கு நடுவே, அந்தத் தாளை விரித்தாய். மூன்று பேரும் மூன்று பக்கம் உட்கார்ந்தீர்கள். கோடு என்றால் நிறுத்தாமல் இழுப்பது, புள்ளி என்றால் தட்டுவது, கருமை கூடினால் சத்தம் கூடுவது, வெறும் மாவு என்றால் சும்மா இருப்பது. அவரவர் இடது கையிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஒருவருக்குத் தொடக்கமாக இருப்பது எதிரே உள்ளவருக்கு முடிவு. தெற்குப் பக்கத்தில் யாரையும் உட்காரவைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அப்பா தலை வைத்த பக்கம், அங்கே உட்கார மனசு வரவில்லை என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் பிடிக்கவில்லை. இதைத் தாள் என்று சொல்லாதே, நாளைக்கு வேறு மூன்று பேர் உட்கார்ந்தால் வேறு பாட்டு வரும் என்றேன். கேட்டுவிட்டுச் சொல்லும்மா என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைப் பகல். பக்கத்துக் கம்பெனிகள் எல்லாம் ஓய்ந்திருந்தன. எனக்கு ஒரு நாற்காலி போட்டாய், ஷட்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நீ இழுத்தாய், மஞ்சுநாத் மூச்சைப் பிடித்து ஒரே சுரத்தை ஊதினான், தேன்மொழி மழை தொடங்குவதுபோல் தட்டிக்கொண்டு வந்தாள். பிறகு மூன்று பேரும் நிறுத்தினீர்கள். பேசிவைத்துக்கொண்டு நிறுத்தியது என்றுதான் நினைத்தேன். அந்த நிசப்தத்தில், யாரும் இல்லாத தெற்குப் பக்கத்தின் மேலே, கூரையில், டக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் மறுபடி தொடங்கினீர்கள். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி டக். மறுபடி அந்தக் காத்திருப்பு.

தகரக் கூரை, வெயில் ஏறினால் விரியும், விரிந்தால் சத்தம் போடும் என்று நான்தான் முதலில் சொன்னேன். சரிதானே என்று உன்னைப் பார்த்தேன். நீயும் சரிதான் என்றாய். மஞ்சுநாத் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு தெற்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, அவன் பாஷையில், “யாரோ இதாரே” என்றான். யாரோ இருக்கிறார்கள் என்று. தேன்மொழி டம்ளர்களைக் கவிழ்த்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். நான் அவளிடம், படித்த பெண், தரம் பார்க்கிற வேலை, கூரைச் சத்தத்துக்கு இப்படிப் பயப்படலாமா என்றேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுத்தான் பேசினாள்.

“இது கூரை இல்லம்மா. கூரைக்குக் காத்துக்கிட்டு இருக்கத் தெரியாது.”

எந்தப் பெரியவரும் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் தெரியாது, சுதாகர். அவள் உன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அவர் தட்டிவிட்டு நிற்பார் என்று நானோ நீயோ அவளிடம் சொன்னதில்லை. சொன்னாயா என்று வீட்டுக்கு வரும் வழியில் உன்னைக் கேட்டேன், இல்லை என்றாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்தேன். மதியச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் வந்தேன். புளியோதரைக்காக நான் ஷெட்டுக்கு வருகிறேன் என்று நீ நம்பியிருக்க மாட்டாய், ஆனாலும் கேட்கவில்லை, அதற்கு நன்றி. ஒரு வாரம் மஞ்சுநாத்துக்குக் கல்யாண சீசன் என்று அவனுடைய சித்தப்பா மகன் வந்து உட்கார்ந்தான். இன்னொரு வாரம் தேன்மொழி இரண்டாவது ஷிஃப்டுக்கு மாறிப் போனதால் அவளுடன் அறையில் இருக்கிற பெண் வந்தாள். முன்பின் தெரியாதவர்கள். நான் சிஸ்டரைப் போல உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வேறு பாட்டு வரவில்லை. அதே இடங்களில் நின்றார்கள். நின்ற இடத்திலெல்லாம் மேலே ஒரு தட்டு. என் அளவுகோலின்படி அது எழுத்துத்தான். யார் எழுதியது என்று கேட்பதற்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை. பல்லி என்று மறுபடி சொல்லவும் வரவில்லை.

வீட்டில் எனக்குள் ஒரு மாற்றம் வந்தது. அதை இந்தப் புத்தகத்தில் அச்சாக்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. திங்கட்கிழமையிலிருந்தே ஞாயிறுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். கூடத்தில் மாவு பரப்பிய இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனேன். வேலைக்காரப் பெண் அங்கே துடைப்பத்தை வைத்தால் எனக்குத் தோள் கூசியது. பகல் பன்னிரண்டு மணி வெளிச்சத்தில், ஜன்னல் திறந்திருக்க, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருக்க, கூடத்தில் யாரோ தலையைச் சாய்த்து நிற்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்து சமையலறையில் நின்றிருக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்க மாட்டார் என்பதற்காக இல்லை. இருந்துவிட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால்.

ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்த வாரம், நான்கு பக்கமும் நிறைய வேண்டும் என்று சொல்கிறார்கள், ஒரு பக்கத்தைச் சும்மா விட்டால் வேலை முடியாததுபோல் இருக்கும் என்று கவலைப்பட்டாய். அந்தப் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒரே ஆள் நீதான் அம்மா என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆர்மோனியத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தாளை முன்கூட்டியே வீட்டுக்கு வாங்கி வந்து மேஜையில் விரித்து, தெற்குப் பக்கத்தை எனக்கு நேராகத் திருப்பினேன். வெறும் மாவு, அங்கங்கே ஒரு புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்றுபோல் இல்லை. இதை எப்படி எண்ணுவது? நான் என்ன செய்திருப்பேன் என்று சிஸ்டரைத் தெரிந்தவர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள். அடிக்கோலையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துக் கட்டம் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு எண்ணிக்கை. கட்டத்துக்குள் அகப்படாத புள்ளிகளைப் பக்கத்திலிருந்த எண்ணிக்கைக்குத் தள்ளிவைத்தேன். வெற்றிடம் அதிகமாக இருந்த இடங்களில், கேட்கிறவர்களுக்கு அலுக்கக்கூடாது என்று, மெல்லிய சுரக்கூட்டு ஒன்றை நீட்டிப் பிடிக்கலாம் என்று குறித்தேன்.

அந்த ஞாயிறு நான் வாசித்தேன். பிசகே இல்லாமல் வாசித்தேன். நீங்கள் நிறுத்திய இடத்திலெல்லாம் என் ஆர்மோனியம் அழகாக நிரப்பியது. முடிந்ததும் மஞ்சுநாத் எழுந்து வந்து என் காலைத் தொட்டான். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். தேன்மொழி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வெயில். ஷட்டரைத் தொட முடியாத சூடு. மேலே ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. தகரம் விரிவதுதான் காரணம் என்று சொன்னவள் நான். அந்த மூன்று வாரமும் வெயில் கொளுத்தியது, தகரம் வாயைத் திறக்கவில்லை. நீ சந்தோஷமாக இருந்தாய், இப்போதுதான் முழுமையாக இருக்கிறது என்றாய். இப்போதெல்லாம் கூரைச் சத்தம் தொந்தரவு செய்வதில்லை என்றுகூட ஒரு நாள் சொன்னாய். நான் உன் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். என் தோளில் விரல் வைத்துவிட்டுப் பொறுமையாக நின்றிருந்த மனிதரிடம், அவர் நிற்கிறார் என்பதையே கவனிக்காமல், எண்ணி எண்ணி, நிறுத்தாமல், பிசகில்லாமல் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். பேச இடம் இல்லாத வீட்டில் யார்தான் நிற்பார்கள்?

கட்டம் போடாத புதுத் தாள் ஒன்றை அச்சடித்துக்கொண்டு வா, இந்த வாரம் எனக்கு முதுகு வலி, உட்கார மாட்டேன் என்றேன். முதுகு வலி பொய். நீ முணுமுணுத்தாய், ஆனால் செய்தாய். அது போன ஞாயிறு. உனக்கு அன்று காலைப் பயணப் பேச்சுத்தான், வானத்தைக் கவனித்திருக்க மாட்டாய். நம் ஊருக்கே உரிய அந்தத் தூறல், விடிந்ததிலிருந்து விடாமல், சத்தமே இல்லாத பஞ்சு மாதிரித் தூறல். சூரியன் முகம் காட்டவே இல்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தேன். உள்ளே வரவில்லை. ஷெட்டின் தெற்குச் சுவருக்கு வெளியே, கூரைத் தகடு சுவரோடு சேர்ந்து கீழே மடிந்து வருகிற இடத்தில் குடையோடு நின்றேன். நீங்கள் வாசிக்கத் தொடங்கியதும் உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. நீ இழுத்தாய். மஞ்சுநாத் ஊதினான். தேன்மொழியின் மழை வந்தது, நின்றது. எல்லாம் நின்றது.

என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு தட்டு.

காதில் கேட்டது என்று சொல்லவில்லை. கையில் பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் தட்டினால் எப்படிப் படுமோ அப்படி. பிறகு அந்த நிற்றல். நான் கையை எடுக்கவில்லை. உள்ளே யாரும் அசைகிற அரவம் இல்லை. தூறல் குடையில் விழுகிற சத்தம்கூட இல்லை. நான் என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இந்தப் புத்தகத்தில் எழுத மாட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் மூவரும் மறுபடி தொடங்கினீர்கள். நான் பேசியது உள்ளே கேட்டிருக்காது. எந்தக் கணக்கில் அத்தனை நேரம் நிறுத்தினீர்கள் என்று பிறகு கேட்டேன். தாளில் அவ்வளவு வெறும் மாவு இருந்தது என்று மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்னீர்கள்.

ஆகையால், நான் வரவில்லை. உன்னோடு ஒரு வருடம் இருக்கக் கிடைப்பது எனக்குச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. இந்த வயதில் அதைவிடப் பெரிதாக எனக்கு யாரும் எதுவும் கொடுக்கப் போவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் போய்விடுகிறார். அதை ஒரு முறை செய்துவிட்டேன், தெரிந்தே இன்னொரு முறை செய்ய மாட்டேன். வேறு யாரையும் அங்கே உட்காரவைக்காதே. கூரைச் சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போடலாம் என்று ஒரு முறை சொன்னாய், அதைச் செய்யாதே. அங்கே நாற்காலி போடாதே, படம் வைக்காதே, பூ வைக்காதே, அந்தப் பக்கம் மட்டும் விளக்கை மங்கலாக்குவது போன்ற வேலைகள் எதுவும் வேண்டாம். வேலை முடியாததுபோல் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், முடியவில்லை என்று சொல். பொய் இல்லை. நிறுத்தும்போது முழுதாக நிறுத்து. ஊதுகிறவன் இருமக்கூடாது. நீ உன் பட்டையைக் கையால் பிடித்து அதிர்வை அடக்கு, அங்கே நீ அவசரப்படுகிறாய், அது உன் பழைய குணம். தேன்மொழி சொல்வதைக் கேள், உங்கள் மூவரில் அவளுக்குத்தான் காது இருக்கிறது. குளிருக்கு அவளிடம் நல்ல கம்பளி இல்லை, என் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புகிறேன்.

அங்கே அந்த மண்டபத்தில் தகரக் கூரை இருக்காது. பதில் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் கலங்காதே. வந்தால் அதை எனக்குப் போனில் சொல்லாதே. இங்கே இல்லாமல் அங்கே இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நீங்கள் போன பிறகு ஷெட் என் பொறுப்பு. சாவியை உன் மாமாவிடம் கொடுக்காதே, என்னிடம் கொடு. ஆர்மோனியம் அங்கேயே இருக்கட்டும். அது மூன்று பேருக்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஒருத்தியால் மூன்று பக்கத்தையும் ஒரே சமயத்தில் வாசிக்க முடியாது, ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் நிறுத்துகிறேன். நீண்ட நேரம் பிடிக்கும். அவருக்குப் பொறுமை உண்டு, எனக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

கட்டம் போட்டுப் படித்தவளுக்கு அந்தக் கோடும் புள்ளியும் தானாகப் புரியவில்லை, சுதாகர். நீயும் அவர்களும் எந்த இடத்தில் மூச்சு விடுகிறீர்கள், மாவின் கருமையைப் பார்த்து எப்படிச் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள், எதைப் பார்த்து நிறுத்துகிறீர்கள் என்பதை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொடு. நான் குறுக்கே பேச மாட்டேன், எதையும் திருத்த மாட்டேன். வியாழக்கிழமை வரை நேரம் இருக்கிறது. மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே ஷெட்டுக்கு வந்துவிடு. அந்த மூன்று பக்கத்தையும் நான் படிக்க வேண்டும்.

அம்மா